பார்த்தால் மட்டும் தோன்றும் பாலம்

மனிதகுலம் இரண்டாயிரம் ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு, மலேசியாவில் கூலிம் பக்கத்துத் தாமான் செம்பாக்கா குடியிருப்போர் சங்கத் தலைவர் நடராஜா விடை கண்டுவிட்டார். வரலாறு இதை இன்னும் குறித்துக்கொள்ளவில்லை. அதற்கு வேறு வேலை இருந்திருக்கும்.

இந்த உலகம் உண்மையல்ல. எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டு. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே, கைப்பேசியில் நாற்பது காணொளிகள் பார்த்து அவர் இந்த முடிவுக்கு வந்தார். ஞானத்துக்கு இவ்வளவு போதும் என்றால், அந்தக் காலத்தில் முனிவர்கள் எதற்குக் காட்டுக்குப் போனார்கள் என்று அவருக்கே வியப்பாக இருந்தது. மாயை என்று நம்மவர்கள் அன்றைக்கே சொல்லவில்லையா என்று கேட்ட செயலாளர் அழகேசனுக்கும் பதில் வைத்திருந்தார். "அது பழசு லா. அதுல கம்ப்யூட்டர் இல்ல."

இப்படிப்பட்டவரிடம்தான் குணசுந்தரி ஒரு பாலத்துக்காக வந்து நின்றாள்.

தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயின் மேல் ஒரு பலகைப் பாலம் இருந்தது. உளுத்துப்போயிருந்த அது இரண்டு மாதத்துக்கு முன் பெய்த மழையில் விழுந்தது. அவள் வேலை செய்யும் தொழிற்சாலையின் பஸ் அக்கரையில்தான் நிற்கும். காலை ஷிப்டுக்குப் போக வேண்டுமானால் பெரிய சாலை வழியாக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். மூன்றாம் முறை தவறினால் வேலை இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. பாலம் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டு, சங்கத்தின் முத்திரையான சாப்பு ஒன்றை அடித்துக் கொடுத்தால் போதும்.

நடராஜா கடிதத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன் மேல் கோப்பிக் குவளையை வைத்தார்.

"பாலம் இருக்குன்னு உன்னால உறுதியா சொல்ல முடியுமாம்மா?"

"இல்லன்னு சொல்லத்தான் அண்ணே வந்தேன்."

மேதைகளுக்கு இடையூறு புதிதல்ல. அவர் பொறுமையாக விளக்கினார். விளையாட்டில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வரைந்து வைத்திருக்காது. ஆடுகிறவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ, அந்தப் பக்கம்தான் மரமும் வீடும் தோன்றும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. கரண்டு மிச்சம். அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர்காரருக்கே கடிதம் எழுதலாமா என்று குணசுந்தரி கேட்டாள். கேள்வியின் தரம் அவரை வருத்தியது.

அவள் போன பிறகு, ஒரு சாப்புதானே, அடித்துக் கொடுத்துவிடலாமே என்று அழகேசன் இழுத்தார்.

"பொய்யான உலகத்துல உண்மையான சாப்பு அடிச்சா, நாளைக்கு எனக்குத்தான் லா பிரச்சினை" என்றார் நடராஜா. முப்பது ஆண்டு உத்தியோகம் கற்றுத்தந்த எச்சரிக்கை அது.

கடிதத்துக்குப் பதிலாக ஒரு கருத்தரங்கம் நடத்துவதென்று முடிவானது. தலைப்பு, 'நாம் இருக்கிறோமா?' செயற்குழுவில் கேள்வி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. இருக்கிறோம் என்று ஏழு பேர் கைதூக்கினார்கள். மூவர் நடுநிலை. இருவர் கூட்டத்துக்கே வரவில்லை. அவர்களுடைய நிலைப்பாடு தெளிவாக இருந்தது.

திறந்துவைக்க மாண்புமிகு ஒருவர் இசைந்தார். தாமான் வாசலில் இறங்கி, 'மக்களோடு மக்களாக' நடந்து, அக்கரையிலிருக்கும் பாலாய் ராயா என்ற பொது மண்டபத்துக்கு வருவார் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது. வழியில் பாலம் இல்லாததை மேலிடத்தில் யாரோ கவனித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு லாரி வந்தது. மதியத்துக்குள் இரும்புச் சட்டம், புதுப் பலகை, கைப்பிடி, மஞ்சள் பெயின்ட். கடிதம் இன்னும் குவளைக்கு அடியில்தான் இருந்தது.

குணசுந்தரி சனிக்கிழமை அதன்மேல் நடந்துபோய்ப் பஸ் ஏறினாள். இனிமேல் அரைமணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று அழகேசனிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாண்புமிகு வந்தார். பாலத்தின் நடுவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் நாம் இருப்பது உறுதி என்று அவர் மண்டபத்தில் ஆறு நிமிடம் பேசினார். பிரியாணியைப் பாராட்டினார். போனார். மாலையில் அதே லாரி வந்து பாலத்தைக் கழற்றிக்கொண்டு போனது. வாடகைப் பாலம், அடுத்த வாரம் வேறோர் ஊரில் மாண்புமிகு நடக்கவிருந்தார்.

திங்கட்கிழமை காலை குணசுந்தரி கால்வாய் ஓரத்தில் பையோடு நின்றாள். அக்கரையில் பஸ் வந்தது, சற்று நின்றது, கிளம்பியது.

மறுநாள் கம்பெனி கொடுத்த கடிதத்தோடு அவள் நடராஜா வீட்டுக்கு வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாற்பது காணொளிகளிலும் கிடைக்காத சான்று, வாசலில் வந்து நின்றது.

"அழகேசா, நோட்டை எடு. ஞாயித்துக்கிழமை பாலம் இருந்துச்சு. திங்கக்கிழமை இல்ல. ஏன்? பார்க்க ஆள் இல்ல. பார்த்தாத்தான் இருக்கும்னு நான் சொன்னேனா இல்லையா?"

குணசுந்தரி கடிதத்தை மடித்தாள்.

"ரெண்டு மாசமா நாந்தானே அண்ணே தினம் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்?"

"நீ பார்க்கிறது சேர்த்தியில்லம்மா."

தாம் இருக்கிறோமா என்பதையே சந்தேகித்த அந்த மகான், இதைச் சொல்ல மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.