முத்தியால்பேட்டை தண்டவாளத் தேர்வுக் குழு

உலகில் ரயில் ஓட்டியவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். ஓட்டுவதற்கு முன் தீர யோசித்தவர்கள் என்று கணக்கெடுத்தால், முத்தியால்பேட்டை புருஷோத்தமனோடு பட்டியல் தொடங்கி அவரோடேயே முடிந்துவிடும்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைப் பரிசீலித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவர் கைபட்ட கோப்பு ஒன்றுகூட அவசரப்பட்டு வெளியே போனதில்லை என்பதை அவரைப் பிடிக்காதவர்களே ஒப்புக்கொள்வார்கள். கடமை என்று வந்துவிட்டால் வீடு வாசல் அவர் கண்ணுக்குத் தெரியாது. மகள் சிவசங்கரி ஐந்தாம் வகுப்பில் மயில் வேஷம் கட்டி மேடையேறிய அன்றுகூட ஒரு முக்கியமான கூட்டத்தில்தான் இருந்தார். மயில் கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டு ஆடியது என்று மனைவி ஆதிலட்சுமி வந்து சொன்னபோது, "நாட்டு வேலை" என்று சுருக்கமாகப் பதில் சொன்னார்.

அந்தச் சிவசங்கரி இப்போது பிரான்சில், லியோன் நகரில் குடும்பத்தோடு இருக்கிறாள். சிறு வயதில் அவள் கேட்ட பொம்மை ரயில் இருபத்தெட்டு ஆண்டுகளாக அப்பாவின் 'பரிசீலனையில்' இருந்ததால், கடைசியில் அவளே ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பிவிட்டாள். உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சை என்ஜின், இரண்டு பெட்டிகள், மின்சாரம் கொடுக்க ஒரு சின்னக் கருவி. நிஜ ரயிலின் ஒவ்வொரு ஜன்னலும் அதில் இருந்தது.

"அப்பா, தண்டவாளம் மட்டும் நீங்க வாங்கி வைங்க," என்றாள் போனில். "ஜூலைல வர்றேன். இருபது நாள் லீவு. நாம ரெண்டு பேரும் உக்காந்து ஓட்டணும்."

புருஷோத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளோடு உட்கார்ந்து அந்த ரயிலை ஓட்டிப் பார்ப்பதைவிட அவருக்கு இனி வேறு ஆசை இல்லை. ஆகவே உடனே ஒரு குழு அமைத்தார்.

குழுவுக்கு அவர் தலைவர். எதிர்வீட்டுக் கலியமூர்த்தி செயலாளர். அவரும் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்தான், துறை மட்டும் வேறு. அடுத்த தெரு அம்மாவாசை 'சிறப்பு அழைப்பாளர்'. விழுப்புரம் பாதையில் முப்பது வருஷம் நிஜத் தண்டவாளம் போட்ட கேங்மேன் அவர். அனுபவம் உள்ளவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடும் என்பதால் அவருக்கு ஓட்டுரிமை கொடுக்கப்படவில்லை, டீ கொடுக்கப்பட்டது.

சென்னைக் கடையிலிருந்து இரண்டு வகைத் தண்டவாளம் மாதிரிக்கு வந்தது. ஒன்று, நேராகவும் வளைவாகவும் துண்டு துண்டாகச் செய்து வருவது. ஒன்றோடொன்று மாட்டினால் வேலை தீர்ந்தது. மற்றொன்று ஒரு கஜ நீளத்துக்கு வருவது; வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். இரண்டும் சாப்பாட்டு மேசையில் பரப்பப்பட்டன. அன்று முதல் ஆதிலட்சுமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும் பேறு பெற்றார்.

கூட்டக் குறிப்பு எழுதும் நோட்டுக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரையே வைத்தார் தலைவர்: 'ப்ரொசே வெர்பால்'. அதில் ஒன்று எழுதப்பட்டால் அது நடக்கும் என்று அர்த்தமில்லை. எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

முதல் கூட்டத்திலேயே அம்மாவாசை குறுக்கிட்டார்.

"இன்னா சார், எதுவா இருந்தா இன்னா? ஜாயின்ட்டு நேரா இருந்தா வண்டி ஓடும்."

"உங்க உணர்வ மதிக்கிறோம்," என்றார் கலியமூர்த்தி. "ஆனா அது அஜெண்டாவுல இல்லியே."

ஓட்டெடுப்பு நடந்தது. தலைவர் துண்டு வகைக்கு, செயலாளர் வளையும் வகைக்கு. சமம். விட்டுக்கொடுப்பதே தலைமைக்கு அழகு என்று புருஷோத்தமன் வளையும் வகைக்கு மாறினார். அந்தப் பெருந்தன்மையில் கலியமூர்த்தி உருகிப்போனார்.

"நீங்களே எறங்கி வரும்போது நான் மட்டும் புடிவாதமா இருக்கறதா சார்? நான் துண்டு வகைக்கு மாறிட்டேன்."

மறுபடியும் சமம். இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே பதின்மூன்று கூட்டங்கள் நடந்தன.

ஜூலை முதல் தேதி சிவசங்கரி வந்தாள். பெட்டியை இறக்கி வைத்ததும் மேசையைத்தான் பார்த்தாள்.

"ஓட்டலாமாப்பா?"

"இறுதிக் கட்டத்துல இருக்கும்மா."

தினமும் காலையில் கேட்டாள். தினமும் இறுதிக் கட்டமாகவே இருந்தது. பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளன்று, கடற்கரைக்கு வாணவேடிக்கை பார்க்கக் கூப்பிட்டாள். அன்று பதினைந்தாவது கூட்டம். அம்மாவும் மகளும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இருபதாம் நாள், அவள் கிளம்பும் நாள். நான்கு மணிக்கு விமான நிலையத்துக்குக் கார் வரும். மூன்று மணிக்குக் கூடத்தில் அவசரக் கூட்டம் கூடியது. நேரம் குறைவாக இருப்பதால் விரைந்து முடிவெடுப்பது எப்படி என்று ஆராய ஒரு துணைக் குழு அமைக்கலாமா என்பதே பொருள்.

டீயைக் குடித்து முடித்த அம்மாவாசை, டம்ளரை வைக்க உள்ளே போனார். ஆதிலட்சுமி அவரை மேசைப் பக்கம் மறித்து நிறுத்தினார்.

"அண்ணே, இது உங்களால ஆவுமா?"

"ரெண்டையும் மூட்டுற தகடு, பிஷ் பிளேட்டு, ஒண்ணுதான் தங்கச்சி. வளைவுக்கு இத போடு, நேருக்கு அத போடு. மாட்டுனா மாட்டிக்கும்."

டிகாஷன் இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"அப்பா! ஓடுதுப்பா! வாங்கப்பா!"

புருஷோத்தமன் ஓடினார். ஊறுகாய் ஜாடியைச் சுற்றிக்கொண்டு பச்சை என்ஜின் இரண்டு பெட்டிகளோடு போய்க்கொண்டிருந்தது. சிவசங்கரி மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இழுத்துப் போடப்பட்டிருந்தது. அவருக்கு மனசு துள்ளியது. பாதி உட்கார்ந்தும் விட்டார்.

"சார்." பின்னால் கலியமூர்த்தி, ப்ரொசே வெர்பாலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். "தீர்மானம் இல்லாம ஓடுது சார். அதுவும் ரெண்டு வகையும் கலந்து ஓடுது. நாம கண்டுக்காம வுட்டா அப்புறம் குழு எதுக்குன்னு கேப்பாங்க."

அநியாயத்துக்கு நியாயமான வாதம். பாதி உட்கார்ந்தவர் எழுந்தார்.

"ஒரே நிமிஷம்மா. இத மட்டும் ஒழுங்குபடுத்திட்டு வந்துடறேன்."

'அனுமதியின்றி ஓடிய ரயில், ஓடியதாகக் கருதப்படமாட்டாது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. குழுவின் வரலாற்றிலேயே முதல் ஏகமனது. இருவரும் கைகுலுக்கி, கையெழுத்திட்டு, தேதி போட்டு முடித்தபோது வாசலில் கார் ஹாரன் அடித்தது.

என்ஜின் மறுபடி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. சிவசங்கரி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். கோபமெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. நான் மயில் டான்ஸ் ஆடுன அன்னிக்கு முக்கியமான மீட்டிங்குன்னீங்களே. எதுக்குப்பா அது?"

இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது.

"ஃபைல் கட்டுற நாடா, பச்சையா செவப்பான்னு."

"என்ன முடிவாச்சு?"

ஆதிலட்சுமியும் பதிலுக்காகக் கதவோரம் வந்து நின்றார். புருஷோத்தமன் இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒத்தி வச்சோம்மா."