ஒரு நாள் சிங்கப்பூர்க்காரர்

‘அங்கெல்லாம்’ என்று பேச்சை ஆரம்பிக்கிறவர் ஒருவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார். இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் எனக்கு வேறு சந்தேகம் வரும். பிழைப்புக்காக வெளிநாடு போய் வருஷக்கணக்கில் உழைத்துத் திரும்பியவர்கள் வாயைத் திறப்பதில்லை, அவர்களை விட்டுவிடுவோம். நான் சொல்லும் இனம் அங்கே ஒரே ஒரு நாள் கடைவீதி சுற்றிய இனம். எங்கள் தர்மபுரியில் அதன் பெயர் கிருஷ்ணப்பன், தொழில் புளி மண்டி.

எண்பத்து நாலில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து சிங்கப்பூர் போனபோது இவரும் ஒட்டிக்கொண்டார். போன மறுநாளே வயிறு கெட்டு அறையில் சுருண்டு படுத்தவர், ஊர் திரும்புவதற்கு முந்தின நாள்தான் எழுந்து, துணிக்கடைகள் நிறைந்த ஆர்ச்சர்ட் ரோட்டுக்குப் போனார். காலையில் போனவர் விளக்கு வைத்த பிறகு வந்தார். நம் கணக்குக்கு அது ஒரு நாள். அவருக்கு அந்த நாள் இன்னும் முடியவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததையும், படிக்கட்டு தானாக மேலே போனதையும், ஆளுயரப் பொம்மைகள் போட்டிருந்த கோட்டையும் குல்லாவையும், புளி எடை போடும்போதும், இழவு வீட்டில் பாடை கட்டும்போதும், தீர்த்தமலைக் கோயில் படியில் மூச்சு வாங்கும்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார். சரி, வாங்கி வந்தது என்ன? ஒரு பேன்ட், ஒரு சென்ட்டுப் பாட்டில், கடைப்பெயர் போட்ட பளபளக்கும் பைகள் ஒரு கட்டு. பேன்ட் அவருக்கு ஒரு சாண் கூடுதல் நீளம். வெட்டித் தைத்துக்கொள்ளலாமே என்றால், “அந்தத் தையல்ல நம்மூரு கத்திரி படலாமுங்களா?” என்பார். கீழே சுருட்டி, உள்பக்கம் ஊக்கு குத்திக்கொண்டு சித்திரை வெயிலில் நடப்பார். ஊக்கு நம்மூர் ஊக்குதான்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் தங்கை தீர்த்தம்மாளின் மகள் மாதம்மாளுக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன், அதாவது இவர். அன்வர் பாஷாவின் ஜவுளிக்கடைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். அன்வர் பாஷா விரித்த முதல் சேலையே மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பெண் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு விரித்த எதையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மாமா, எனக்கு இதே புடிச்சிருக்குங்க.”

“புடிச்சா ஆச்சா? அங்கெல்லாம் இந்தக் கலர்ல ஜன்னலுக்குத் திரைகூடப் போடமாட்டாங்க. எல்லாம் லைட் கலர்தான்.”

“அங்க கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்றாங்களாங்க?” என்று அன்வர் பாஷா பணிவாகக் கேட்டார்.

“கட்டுனா லைட் கலர்லதான் கட்டுவாங்க.”

எடுத்துக் கொடுப்பவர் அவராயிற்றே. தீர்த்தம்மாள் மகளின் மடியிலிருந்து சேலையை உருவி மடித்து வைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். அதைக் கட்டிக்கொண்டுதான் மாதம்மாள் மணவறையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, “சேல சாயம் போயிருச்சா?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது மாதம்மாள் காதிலும் விழுந்தது. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஒரு பெண் ஆயுசுக்கும் பெட்டியில் வைத்து எடுத்துப் பார்க்கிற சேலை அது.

அடுத்த தையில் கிருஷ்ணப்பனின் சொந்த மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றுவதற்கு முன் அவர் சிங்கப்பூர்ப் பை ஒன்றைச் சபைக்குத் தூக்கிக் காட்டி, உள்ளிருந்து ஒரு சேலையை எடுத்தார்.

“அங்க போனப்பவே புள்ளைக்குன்னு எடுத்து வெச்சது.”

மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. முன்வரிசையில் இருந்த அன்வர் பாஷா வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் நீண்டன. சேலையைத் தொட்டார்கள், பையை அதைவிட அதிகமாகத் தொட்டார்கள். “நம்மூர்ல இந்த மாதிரி எங்கீங்க கெடைக்குது?” என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். சேலை கடைசியாக மாதம்மாளிடம் வந்தது. அவள் முந்தானையைப் பிரித்து, கரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஏன் மாமா, இந்தக் கலர்ல அங்கெல்லாம் ஜன்னலுக்குத் திரைகூடப் போடமாட்டாங்கன்னு சொன்னீங்களே?”

கிருஷ்ணப்பன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அது இங்க எடுத்தா, பாப்பா. அங்க எடுத்தா வேற.”

சபை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. மாதம்மாள் சேலையைப் பழையபடி மடித்துக் கொடுத்துவிட்டு, சமையல் நடக்கும் பக்கம் போய்விட்டாள்.

கிருஷ்ணப்பனைத் திட்டுவது சுலபம்; வேண்டிய மட்டும் திட்டிவிட்டேன். தலையாட்டியவர்களை என்ன செய்வது? எதற்கும் உங்கள் பீரோவை ஒருமுறை திறந்து பாருங்கள். வெளியூர்க் கடையின் பெயர் போட்ட பை ஒன்று, கசங்காமல் மடித்து, துணிகளுக்கு அடியில் இருக்கும். போன கல்யாணத்துக்கு அதில் எந்த ஊர்த் துணியைப் போட்டு எடுத்துக்கொண்டு போனீர்கள்?