மூணு நாள் அண்ணன்

குருண் வட்டாரத்தில் மூணு நாள் அண்ணனுக்குப் பயப்படாத கார் இன்னும் தயாரிக்கப்படவில்லை. காருக்கே இப்படி என்றால் ஓட்டுகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் முதல் வீடு அவருடையது. ஓய்வு பெறும்வரை கார் வயரிங் வேலை பார்த்தவர். விடியற்காலையில், ஜெராய் மலையிலிருந்து இறங்கிய பனி தெருவை மூடியிருக்க, வெள்ளை பனியனோடு கேட் அருகே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். தொழிற்சாலைக்குக் கிளம்புகிறவர்கள் சாவியைத் திருப்புவார்கள். ஏதாவது ஒரு கார் இழுத்து இழுத்து முனகி உயிர் பிடித்தால், பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

"மூணு நாளு."

பேட்டரியைத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் கேட்டவன் அன்று முழுக்க விரல்விட்டு நாள் எண்ணுவான்.

அவருக்கு எதிர்வீட்டுச் சரசு அக்கா ஒருநாள் துணிந்து பானெட்டைத் திறந்து காட்டினார். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"அண்ணே, சாமி திருநீறு கொட்டியிருக்குண்ணே! கை வச்சிராதீங்க."

"திருநீறு இல்லம்மா, பேட்டரி கசியுது. லைட்டப் போடு. மங்குதா? எண்ணெ பெடல மிதிச்சா வெளிச்சம் வருதா? ஹாரனும் சளி புடிச்ச மாதிரி இருக்கு. மூணு நாளு லா."

அக்கா கேட்கவில்லை. பொடியைத் துடைக்கவிடாமல், தள்ளி நின்று சூடம் காட்டினார். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால், தொழிற்சாலை வாசலில் கார் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது.

அன்றிலிருந்து தெருவே மாறிவிட்டது. அவர் காதில் விழாவிட்டால் பேட்டரி சாகாது என்று முடிவு கட்டினோம். காரை நியூட்ரலில் போட்டு, சத்தமில்லாமல் அவர் வீட்டைத் தாண்டித் தள்ளிப்போய், பெரிய ரோட்டில்தான் சாவியைத் திருப்புவோம். பனிக்குள் ஓசையின்றி நகரும் ஏழெட்டுக் கார்களைப் பார்த்தால் தள்ளுகிற எங்களுக்கே பயமாக இருக்கும்.

அவருக்கு மூன்றாவது வீடு எங்களுடையது; நானும் தள்ளினேன். என் மனைவிக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி அரைமணி தூரத்தில், சுங்கைப் பட்டாணி டவுனில். கார் சில நாளாக முனகுவது எனக்கே தெரியும். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் வாயிலிருந்து 'மூணு நாளு' வந்துவிட்டால்? அது பேட்டரிக்கு மட்டும்தான் என்று யார் கண்டது?

வலி ஒரு பிற்பகலில் வந்தது. மலையே தெரியாமல் இருட்டிக்கொண்டு மழை. அவளை ஏற்றிச் சாவியைத் திருப்பினேன். 'டக்.' மறுபடியும் 'டக்.' ஆட்டோ கியர் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

கண்ணாடிக்கு வெளியே, மழைக்குள், வெள்ளை பனியன்.

நான் அலறிவிட்டேன். மனைவி வலியை மறந்து என்னைத் திட்டினாள்.

அண்ணன் கையில் புது பேட்டரி. "பானெட்டத் தொற தம்பி."

ஐந்தே நிமிடத்தில் மாற்றினார். இன்ஜின் உறுமியது.

"எப்படிண்ணே தெரிஞ்சிது? நீங்கதான் இது சத்தத்தக் கேக்கவே இல்லையே?"

"அதான் தம்பி, கேக்கல. தெருவே தள்ளிட்டுப் போவுது, போவட்டும். வீட்டுல புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு நீயுமா? உன் காடி சத்தம் நின்ன அன்னிக்கே இத வாங்கி வச்சிட்டேன். அன்னையிலேர்ந்து உன் வீட்டப் பாத்துக்கிட்டு வாசல்லயேதான் நிக்கிறேன். போ, போ."

மகளுக்கு இப்போது நான்கு வயது. அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனாலும் தினமும் அவர் கேட் முன்னால் காரை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்கிறேன். அவர் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் கிளம்புவேன். பனிக்குள் அவர் நிற்பதைக் கண்டு பயந்ததெல்லாம் பழைய கதை. அவர் அங்கே நிற்காத ஒரு விடியலை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயம்.