ஓட்டிப் பார்க்கப் போய் டிராக்டரை இழுத்து வந்த கதை

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கோலா சாவாவுக்குப் போய், சேற்றிலும் போகிற ஒரு பழைய ஃபோர்வீல் வண்டியை ஓட்டிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும்.

சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். கடையில் சீனி கேட்டு உப்பைக் கொடுத்தாலும் "சரிங்க" என்று வாங்கி வருகிற ஆள் நான். வாய் திறக்க வெட்கம். போனில் எழுத மட்டும் வெட்கம் கிடையாது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீடு புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. தார் போட்ட பெரிய சடக்கிலிருந்து வீடு வரை செம்மண் பாதை. மழை பெய்தால் அது பாதை இல்லை, குழம்பு. என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் பாதி வழியிலேயே படுத்துவிடும்.

மகள் யாழினிக்கு ஆறு வயது. போன மாதம் பாலர் பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். அடுத்த வருஷம் பெரிய பள்ளியில் முதலாம் ஆண்டு. "இப்படியே இருந்தா பிள்ளைக்கு எழுத்தே வராது" என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் ஆறாம் ஆண்டோடு நின்றவள். அது என்னோடு நிற்கட்டும் என்றுதான் இந்த வண்டி.

வீட்டுக்காரரிடம் மோட்டார் லைசென்ஸ் மட்டும்தான் உண்டு. கார் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. வாழ்க்கையில் நான் பாஸான ஒரே பரீட்சை அதுதான். அதற்கப்புறம் நான் கார் ஓட்டவே இல்லை என்பதை அவரும் மறந்துவிட்டார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இதற்கு முன்னால் ரஹாங்கில் ஒன்று பார்த்தோம். வெளியே பளபளப்பு. வீட்டுக்காரர் காலடி விரிப்பைத் தூக்கினார், கீழே தரை தெரிந்தது. வண்டியின் தரை இல்லை, ரோட்டுத் தரை. அன்றிலிருந்து அவர் ராத்திரி பகலாக வீடியோ பார்த்து ஒரு சீட்டு எழுதிவிட்டார். புகையைப் பார். துருவைப் பார். எண்ணெயைப் பார். கடைசியில் பெரிய எழுத்தில்: குட்டிக் கியரைக் கண்டிப்பாகப் போட்டுப் பார்.

கோலா சாவாவில் வண்டியை விற்கிறவர் மாணிக்கம் அண்ணன். முன்னாள் லாரி டிரைவர், இப்போது ஆடு வளர்க்கிறார். வண்டிக்குள் மூக்கை விட்டாலே அது தெரியும்.

"தங்கம் இது, தங்கம். ஒரே ஒரு விஷயம், பேட்டரி கொஞ்சம் வீக்கு. எஞ்சினை மட்டும் நிறுத்திடாதீங்க. நின்னா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்றார்.

"நீங்களும் கூட வாங்கண்ணே" என்றார் வீட்டுக்காரர்.

"நான் எப்படி வர்றது? பதினோரு மணிக்கு சிரம்பான்லேர்ந்து ஒரு ஆள் வர்றாரு. அவரும் இதைத்தான் கேக்கிறாரு. தோட்டத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வாங்க, பத்து நிமிஷம். நீங்க இங்கயே இருங்க தம்பி, தே ஓ குடிச்சு முறுக்கு சாப்பிடலாம்."

அதாவது வீட்டுக்காரர் அடமானம். அவருக்கும் புரிந்தது. முறுக்கைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டார்.

நானும் யாழினியும் ஏறினோம். பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கியர் இருந்தது. சீட்டில் எழுதியிருந்தது அதுதான். எந்தப் பக்கம் போடுவது என்று எழுதவில்லை. மாணிக்கம் அண்ணனைக் கேட்கலாம், ஐந்தடி தூரத்தில்தான் நின்றார். எனக்கு ஐந்தடி ரொம்ப தூரம்.

கிளட்சை மிதித்தேன். குட்டிக் கியரை, வருகிற வரைக்கும் பின்னால் இழுத்தேன். கடக் என்றது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பெரிய சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது.

சத்தம்தான் பெரியது. வேகம் இல்லை. எண்ணெய்ப் பெடலை மிதித்தால் யானை மாதிரிப் பிளிறுகிறது, போவது என்னவோ எறும்பு மாதிரி. பயந்து பயந்து இரண்டாவது கியர் போட்டேன். எறும்பு கொஞ்சம் அவசரமான எறும்பாக மாறியது.

"அம்மா, கோழி நம்மள முந்திருச்சு" என்றாள் யாழினி.

"பேசாம உக்காரு."

"வாத்தும் முந்திருச்சு."

இறங்கி என்னவென்று பார்க்கலாம்தான். ஆனால் நிறுத்தினால் எஞ்சின் செத்துவிடும். செத்தால் தள்ள வேண்டும். தள்ள ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட வாய் வேண்டும். ஆகவே நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். எப்படியும் சுற்று முடிந்தால் மாணிக்கம் அண்ணன் வீடுதானே வரும்.

செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டாரில் புல்லுக்கட்டோடு வந்தார். எங்களைத் தாண்டும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "பாகுஸ், டிக். பெலான் பெலான்" என்றார். நல்லது தங்கச்சி, மெதுவாகவே போ என்று பாராட்டுகிறார். சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

அப்புறம் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகிற இரண்டு அக்காக்கள். ஒருவர் தலையில் துண்டு, இன்னொருவர் கையில் குடை. அவர்கள் பின்னால் இருந்து வந்து எங்களைப் பிடித்தார்கள். நடந்துதான் பிடித்தார்கள், ஓடவில்லை.

"புது வண்டியா?" என்றார் துண்டு அக்கா, என் ஜன்னலோடு நடந்துகொண்டே.

"வாங்கலாமான்னு பாக்கிறோம்" என்றாள் யாழினி. எங்கள் வீட்டில் பதில் சொல்கிற இலாகா அவளுடையது.

"புகையப் பாத்தீங்களா? நீலமா வந்தா வாங்காத. என் கொழுந்தன் அப்படித்தான் ஒண்ணு வாங்கிட்டு, இப்ப அதுக்குள்ள கோழி அடைக்கிறான்."

குடை அக்கா பின்னால் போய்ப் புகையைப் பார்த்துவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தார். "கருப்புதான் வருது."

"கருப்புன்னா பரவால்ல லா. ஃபில்டர் மாத்தினா சரியாயிடும். அடியில பாரு, துரு இருக்கா?"

குடை அக்கா குனிந்தபடியே கூட நடந்து அடியைப் பார்த்தார். ஓடுகிற வண்டியின் அடியைக் குனிந்து பார்த்த ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

"சேறுதான் தெரியுது. துரு இல்ல."

"எண்ணெய் மூடியத் திறந்து பாத்தியாம்மா? உள்ள பால் தே மாதிரி இருந்துச்சுன்னா ஓடிரு."

"அம்மாவுக்கு மூடி எங்க இருக்குன்னு தெரியாது. கியரும் தெரியாது" என்றாள் யாழினி.

"அது சரி" என்றார் துண்டு அக்கா. கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். "இவ போற போக்குக்கு நாம ஏன்டி நடக்கணும்? ஏறு. நீ நிறுத்தாதம்மா, உன் பாட்டுக்குப் போ."

வண்டியின் பின்னால் இருந்த திறந்த பெட்டியில் ஏறி, அங்கே கிடந்த ஆட்டுப் புழுக்கைச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஓடுகிற வண்டியில் படியேறுகிற மாதிரி ஏறினார்கள். ஒருவர் குடையைக்கூட மடக்கவில்லை.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

திருப்பத்தில் ஒரு டிராக்டர், பின்னால் தொட்டி நிறைய செம்பனைக் குலையோடு, சேற்றில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் இடுப்பில் கை வைத்து நின்றார். எங்கள் சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாம்மா தங்கச்சி, சரியான நேரத்துக்கு வந்த. டேய், சங்கிலியப் போடு!"

இது என் வண்டி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. யாழினியைப் பார்த்தேன், அவள் சங்கிலியை வேடிக்கை பார்க்கிறாள். அதற்குள் டிராக்டர் டிரைவர் எங்களோடு நடந்து வந்து பின்னால் கொக்கியில் சங்கிலியை மாட்டிவிட்டு, ஓடிப் போய்த் தன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

சங்கிலி இறுகியது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சாகப் போகிறது, இவ்வளவு பேர் முன்னால் நான் இறங்கிப் பேசப் போகிறேன்.

சாகவில்லை. அதே எறும்பு வேகத்தில், எதுவுமே நடக்காத மாதிரி, வண்டி போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிராக்டர் சேற்றிலிருந்து எழுந்து பின்னாலேயே வருகிறது.

"போதும் தங்கச்சி! வந்துருச்சு, நிறுத்து!" என்று மண்டோர் கத்தினார்.

நிறுத்துவதா? நிறுத்துவதில்லை என்றுதான் முடிவெடுத்தாகிவிட்டதே.

"தங்கச்சி, சங்கிலிய கழட்டணும்! எங்க கொண்டு போற டிராக்டர?"

"அம்மா நிறுத்த மாட்டாங்க, மாணிக்கம் மாமா வீட்டுக்குத்தான் போறாங்க" என்று யாழினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னாள்.

மண்டோர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். பிறகு அவரும் ஏறிக்கொண்டார்.

மாணிக்கம் அண்ணன் வீட்டில் நடந்ததை வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். அரை மணி ஆனதும் அண்ணன் முறுக்குத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டாராம். ஒரு மணி நேரம் ஆனதும் நாங்கள் வந்த மோட்டாரின் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். "என் சம்சாரம் ரொம்ப வெட்கப்படும்ண்ணே, வண்டியெல்லாம் தூக்கிட்டுப் போகாது" என்று இவர் சொன்னதற்கு, "வெட்கப்படுறவங்கதான் தம்பி சொல்லாமப் போவாங்க" என்று பதில் வந்ததாம்.

சிரம்பான் ஆளும் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. மூவரும் வாசலில் நிற்க, நாங்கள் போய்ச் சேர்ந்தோம். முதலில் சத்தம். ரொம்ப நேரம் கழித்து நாங்கள். பின்னால் விரித்த குடை, சாக்குமேல் அக்காக்கள், மண்டோர், சங்கிலி, டிராக்டர், குலைத் தொட்டி.

சிரம்பான் ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "என்னங்க இது, நடக்கிற வேகம்கூட இல்ல. எஞ்சின் போச்சு. எனக்கு வேணாம்" என்று தன் காரை நோக்கி நடந்தார்.

மாணிக்கம் அண்ணன் என் பக்கக் கதவில் தாவி உள்ளே எட்டிப் பார்த்தார். "கிளட்சை மிதி. பிரேக்கை மிதி. ஆங், அப்படியே." கையை விட்டுக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துவது இவ்வளவுதானா?

அப்புறம் குட்டிக் கியரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுல கை வச்சியாம்மா?"

"இங்கேர்ந்து கிளம்புறப்பவே அம்மா இழுத்துட்டாங்க மாமா" என்றாள் யாழினி.

"அட கடவுளே. இது சேத்துல ஏறுறதுக்குப் போடுறதும்மா. இதுல வேகமே வராது. ஊரெல்லாம் இதுலயா சுத்தின?" குட்டிக் கியரை முன்னால் தள்ளினார்.

மண்டோர் இறங்கி வந்தார். "அண்ணே, இந்த வண்டிய யாருக்கும் வித்துடாதீங்க. குலையோட டிராக்டர இழுத்துச்சு, ஒரு இருமல் கிடையாது. எங்க தோட்டத்து வண்டிகூட இப்படி இழுக்காது."

இது சிரம்பான் ஆள் காதில் விழுந்துவிட்டது. திறந்த கார்க் கதவை மூடிவிட்டுத் திரும்பி வந்தார். "அப்படின்னா நான் எடுத்துக்கிறேன். இப்பவே முடிச்சிடலாம்."

மாணிக்கம் அண்ணன் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சீட்டு யாழினி கையில் கசங்கிக் கிடந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்கதான் வாங்கிக்கிறோம். அவ்வளவுதான். எனக்கு வரவில்லை.

"தங்கச்சி, கொஞ்சம் எறங்குங்க, நான் ஓட்டிப் பாக்கணும்" என்றார் சிரம்பான் ஆள்.

நான் இறங்கவில்லை. ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

"தங்கச்சி?"

நேராகவே பார்த்தேன். வாத்து ஒன்று எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அதையே பார்த்தேன்.

"பாத்துக்குங்க, அந்தப் பொண்ணு எறங்காது" என்றார் துண்டு அக்கா சாக்கின் மேலிருந்து. "மண்டோர் அவ்வளவு கத்தியே நிக்கல. நீங்க கூப்பிட்டா எறங்கிடுமா?"

மாணிக்கம் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டி அவங்களுக்குத்தான் சார். முதல்ல வந்தவங்க அவங்க. முடிவு பண்ணிட்டாங்க போல."

வீட்டுக்காரர் இன்றுவரை ஊரெல்லாம் சொல்கிறார், என் சம்சாரத்துக்கு என்ன ஒரு வைராக்கியம் என்று. உண்மை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். இறங்கினால் ஏதாவது பேச வேண்டியிருக்குமே. உட்கார்ந்திருந்தால் வாத்தைப் பார்த்தால் போதும்.

புதுப் பேட்டரி மாட்டி, பேர் மாற்றி, வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது. அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. பாதையில் முழங்கால் வரை சேறு. யாழினிக்குச் சீருடை போட்டு, குட்டிக் கியரை வேண்டுமென்றே பின்னால் இழுத்து, கிளம்பினேன். வழியில் நின்று தத்தளித்த இரண்டு மோட்டார்களைத் தாண்டினோம். ஆமாம், தாண்டினோம். பெரிய சடக்கு வந்ததும் நிறுத்தி, கியரை முன்னால் தள்ளி, மழையிலும் பள்ளிக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.

பள்ளி கேட் பூட்டியிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். பாலர் பள்ளிக் குழுவில் டீச்சர் எழுதியிருந்தார்: எங்க பக்கம் ரோட்டுல தண்ணி, கார் வராது, இன்னைக்கு வகுப்பு இல்ல.

பழைய ஃபோர்வீல் தேடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: புகை, துரு, எண்ணெய் எல்லாம் அப்புறம் பாருங்கள், முதலில் டீச்சரிடம் என்ன வண்டி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.