பொய்ப் பிரதட்டை

"முகம் முழுக்கச் செக்கச்செவேலெண்டு கிடக்கு, கண்ணைச் சுத்தி மட்டும் ஏன் வெள்ளை?"

வாசலிலேயே சந்திரவதனா மறித்துக் கேட்டதும் ஜெயரட்ணத்துக்குப் பகீரென்றது. பனிச்சறுக்குக் கண்ணாடியைக் காருக்குள் ஒளித்த மனிதர், அது முகத்தில் விட்டுப்போன அடையாளத்தை மறந்துவிட்டார். காலையில் மனைவிக்குச் சொல்லிவிட்டுப் போனது த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு. போனதோ பனியில் சறுக்க, மவுண்ட் புல்லர் மலைக்கு!

அவருக்கு முழங்கால் மாற்றிய டொக்டரே, "சரிவு குறைஞ்ச இடத்திலை சறுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு கால் வீங்கிப்போன அன்று, "இனிப் பனிப்பக்கம் தலைவைச்சும் படுக்கக் கூடாது" என்று சந்திரவதனா போட்ட தடை இருக்கிறதே! அதை மீறிக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. பாவம், ஐஸ் வைத்து, குளிக்க வார்த்து, கட்டிலுக்கும் குசினிக்குமாகக் கைபிடித்து நடக்கப் பழக்கியவள். புதுக் காலில் பாதி டொக்டருடையது என்றால் மீதி அவளுடையது. மலையில் முதல்தரம் சறுக்கி இறங்கியபோதே அவளை நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இன்னொருதரம் ஏறினார் என்பது வேறு கதை.

"வெய்யிலப்பா."

"இந்தக் குளிருக்கை வெய்யிலோ? கும்பிட இவ்வளவு நேரமோ?"

"சும்மா கும்பிடேல்லை. பிரதட்டை அடிச்சனான். கோயிலைச் சுத்தி உருண்டனான்."

"அப்ப கண்?"

"பொத்திக்கொண்டு உருண்டனான்."

சந்திரவதனா அகப்பையோடு கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டாள். "புது முழங்காலோடை உருண்டனீங்களோ? என்ரை பிள்ளையாரப்பா!"

பெருமையில் அழுதுகொண்டே, தூரத்தில் வெஸ்ட்மீட்டில் இருக்கும் தங்கை தாட்சாயினிக்கு போன் போட்டாள்.

"அக்கா, அத்தான் உருளுறதை நானும் பாக்க வேணும்!"

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை திரும்பவும் உருளுவார். வீடியோவிலை பார்."

ஜெயரட்ணம் ஆடிப்போனார். வியாழக்கிழமை, "நாரி பிடிச்சிட்டுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துப் பார்த்தார். அவள் எண்ணெய் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் பொய்ப் பிடிப்பு மெய்யாகவே பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கோயிலில் மழை. ஈரச் சீமெந்தில் வேட்டியோடு உருண்டார். சந்திரவதனா போனைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"அத்தான், கமரா மற்றப் பக்கம்!" என்றாள் போனுக்குள் தாட்சாயினி.

அரைச் சுற்றில் அண்ணாந்து பார்த்தார். தான் நனைவதுகூடத் தெரியாமல், குடையை இவருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள் சந்திரவதனா. அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. எழும்பி இருந்தார்.

"சந்திரா, அண்டைக்கு நான் கோயிலுக்கு வரேல்லை. பனியிலை சறுக்கத்தான் போனனான். உனக்குப் பயத்திலை பொய் சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணீர் பொலபொலவென்று வடிந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று ஜெயரட்ணம் தலையைக் குனிந்தார்.

கற்பூரத் தட்டோடு வந்த ஐயர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அழுகையை விட்டிட்டுத் தேங்காயை எடுங்கோம்மா. இவர் திரும்பவும் பனியிலை சறுக்கிற அளவுக்குக் கால் சுகமானா நூற்றெட்டு உடைக்கிறனெண்டு ஒப்பரேஷன் அண்டு நேர்த்தி வைச்சது நீங்களல்லோ!"