பாதி வாசிக்கும் பியானோ

அன்புள்ள மச்சான் கபிலனுக்கு, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பியானோ விற்பதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன் அத்தான் அழகப்பன் எழுதுவது. நீ நலமாயிருக்க வீரமாகாளியை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அக்கா கண்ணில் படும், அதனால்தான் தபால்.

கடை போய்விட்டது. தானாகப் போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். கம்பெனிக்காரர்கள் என்னைத் தூக்கிவிட வந்துதான் போய்விட்டது. கெடுவுக்குள் ஒரு பியானோவாவது விற்காவிட்டால் ஏஜென்சி கிடையாது என்று சொல்லிவிட்டு, விற்பனையைப் பெருக்க இர்ஃபான் என்றொரு பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். வாசலில் நிறுத்த என் ஆளுயர அட்டைப் படம் செய்து தந்தான்; அது சிரிக்கிறது, நான் சிரித்துப் பல மாதமாகிறது. யார் வந்தாலும் விலை பேசுமுன், "வீட்டுல யார் வாசிக்கப் போறாங்க?" என்று கேட்க வேண்டுமாம். கழிப்பறை எங்கே என்று விசாரிக்க வந்தவரிடமும் கேட்டுத் தொலைத்தேன். கடைசியில் தானாகவே வாசிக்கும் பியானோ ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இர்ஃபான் எங்கிருந்தாவது கைப்பேசியைத் தட்டினால் கட்டைகள் தாமாக ஏறி இறங்கும். அதன் பக்கத்தில்தான் தினமும் உன் அக்கா லீலாவை உட்கார வைப்பேன். பக்கவாதத்தில் இடக்கை விழுந்த பிறகு தன் பியானோவை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்னவள், எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அப்புறம் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. ஆளில்லாமல் வாசிக்கும் அந்தச் சனியனை அவள் வெறித்துப் பார்க்கும்போது அதை எட்டி உதைக்கலாம் போலிருக்கும்.

நேற்று சரஸ்வதி பூசை. எல்லாப் பியானோவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பட்டு சாத்திவிட்டேன். மறுநாள் வரை தொடக்கூடாது அல்லவா, இர்ஃபானுக்கு அது புரியவேயில்லை. தெருவெல்லாம் கூட்டம், இவர் சரக்கை மூடி வைக்கிறாரே என்று புலம்பினான். "கைதானே படக்கூடாது அங்கிள், ஃபோன் படலாம்லா?" என்று சொல்லிவிட்டு ஜூரோங்கில் இருக்கும் கம்பெனியின் இன்னொரு கடைக்குப் போனான். நான் பூ வாங்கப் போனேன். பூக்கடையில் ஓர் அம்மாளும் மகளும் பியானோ கடையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தானே வாசிக்கும், வந்து கேளுங்கள் என்று அளந்துகொண்டே அழைத்து வந்தேன். கடையை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. வாசலில் கட்டிய வாழைக்கன்று மறைத்ததால் உள்ளே தெரியவில்லை. வலப்பக்கத்து மேல்கட்டைகள் மட்டும் ஒலிக்கின்றன; தடுக்குகிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. "அங்கிள், உங்க மெஷின் பாதிதான் வாசிக்குது லா," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மகளோடு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் திரும்பிவிட்டார். உள்ளே போனால் பட்டு கீழே கிடக்கிறது, உன் அக்கா பியானோ முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பூசை நாளில் அங்கேயா உட்காருவது என்று எரிந்து விழுந்தேன். அவள் ஒற்றைக் கையால் பட்டை எடுத்து மறுபடி சாத்தினாள். இர்ஃபானைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். எதையும் தட்டவில்லை என்று சத்தியம் செய்தான். யார் நம்புவது?

கெடு இன்றோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை லாரி எடுத்து வா, நம் சாமான்களை ஏற்ற வேண்டும். அக்காவிடமும் நீதான் சொல்ல வேண்டும். என் வாயால் வராது. பகலில் உட்கார அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. இனி பிடோக் வீட்டில் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உன் மகள் ரக்ஷனாவுக்கு எங்கள் ஆசிகள். அவளுக்குப் படிப்பு வரட்டும், வியாபாரம் வரவே வேண்டாம்.

இப்படிக்கு,
அட்டையில் மட்டும் சிரிக்கும் அத்தான்,
அழகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் முன் பூசை விளக்குகளைக் கழற்றப் போனேன். சீரியல் பல்பைச் சொருக அந்தப் பியானோவின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன், நானேதான். நேற்று முழுக்க அதற்குக் கரண்டே இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் அதற்கும் விரல்தான் வேண்டும். கபிலா, இர்ஃபானைத் திட்டுவதாக நினைத்து நான் திட்டியது உன் அக்காவின் வலக்கையை.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, லாரியை மட்டும் விட்டுவை. பிடோக் வீட்டுக்கு ஒரு பியானோ போக வேண்டும். கெடுவுக்குள் ஒன்று விற்றாயிற்று. விற்றவனும் நான், வாங்கியவனும் நான். இர்ஃபானுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பாவி, என்னிடமே வசனத்தை ஆரம்பித்தான்.

"வீட்டுல யார் வாசிக்கப் போறாங்க, அங்கிள்?"

லீலா என்றேன்.