கிளிக்குக் கட்டிய ஈயத்தாள்

பெண் எடுத்த வீட்டில் போய்க் குடியிருக்கிற ஆண்பிள்ளை முதல் ஒரு வருஷத்துக்கு வாய் திறக்கக் கூடாது. சாப்பிடத் திறக்கலாம். வேறெதற்கும் கூடாது. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். எல்லாம் தெரியும் என்கிற வியாதி முற்றியிருந்த வயது.

தொண்ணூற்றுமூன்றோ நாலோ, கலியாணம் முடிந்த கையோடு தண்ணீரூற்றில் இருந்து உருத்திரபுரத்துக்கு, என் மனைவி மலரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு முன் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்த ஆள் நான். நெல்லைச் சாக்குக்குள் வைத்துத்தான் பார்த்திருந்தேன். மாமாவோ ஆறு ஏக்கர் வயல்காரர். ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சொல்தான் பேசுவார். அதில் ஐந்து 'ம்'.

நான் வந்து நாற்பது நாள் ஆகவில்லை. ஜெர்மனியில் இருந்து கொழும்புக்கு வந்திருந்த மலரின் அக்கா ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டு சேலை, ஒரு பவுடர், கூடவே உருளையாகச் சுற்றிய ஒரு வெள்ளித் தாள். சண்டைக் காலம் என்பதால் வழியில் சோதனைச் சாவடியில் அதை நாலு முழம் விரித்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் திருப்பிச் சுற்றியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் யாருக்கும் விளங்கவில்லை.

"உதென்ன, சிகரெட் பெட்டிக்குள்ளை வாற ஈயத்தாள்தானே? இவ்வளவு பெரிய சிகரெட் ஆர் குடிக்கிறது?" என்றார் மாமி.

"இது அலுமினியத் தாள் மாமி," என்றேன். "வெளிநாட்டிலை இது இல்லாமல் ஒரு குசினியிலும் சமையல் நடவாது."

(வெளிநாட்டுக் குசினி எதையும் நான் கண்டதில்லை. வவுனியாவுக்கு அப்பால் போனதே இரண்டு தரம்.)

மாமி அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் போனார். நான் விடவில்லை. ஒரு துண்டைக் கிழித்துப் பந்தாகக் கசக்கி, விறகடுப்பில் கரி பிடித்துக் கிடந்த அலுமினியச் சட்டி மூடியைச் சாம்பலோடு சேர்த்துத் தேய்த்தேன். சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடான காலம் அது. கால் மணித்தியாலத்தில் மூடி கண்ணாடி மாதிரி வந்தது. மாமி அதில் தன் முகத்தைப் பார்த்து மூக்குத்தியைச் சரிசெய்தார். போத்தல் விளக்குக்குப் பின்னால் ஒரு துண்டை வளைத்து வைத்தேன், வெளிச்சம் இரட்டிப்பானது. மாமாவின் சைக்கிள் ஹாண்டிலில் இருந்த துருக் கறளை நனைத்த தாளால் உரசினேன், பளபளத்தது. மாமா அதைத் தடவிப் பார்த்து "ம்" என்றார். அந்த 'ம்' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது என்று மலர் சொன்னாள்.

அந்த நீளம்தான் என்னைக் கெடுத்தது.

வயலில் கதிர் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரம். காலையும் மாலையும் கிளிகள் கூட்டமாக வந்து விழும். மாமாவும் பக்கத்துக் காணிக்காரர் கருப்பையா அண்ணனும் தகரத்தைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார்கள். கருப்பையா அண்ணன் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து குடியேறியவர். எதையும் மரியாதையாகத்தான் கேட்பார்.

"மாமா, தகரம் ஒண்டும் தேவையில்லை," என்றேன். "இந்தத் தாளைக் கிழிச்சுக் கட்டிவிட்டால் வெயிலுக்கு மினுங்கும். கிளி கண் கூசி ஓடும்."

"நெசமாவாங்க தம்பி?" என்றார் கருப்பையா அண்ணன்.

"விஞ்ஞானம் அண்ணை," என்றேன்.

ஒரு முழு நாள் வேலை. தடி நட்டு, நூல் இழுத்து, இரண்டு விரல் அகலத்தில் கிழித்த நாடாக்களை வயல் முழுக்கக் கட்டினேன். தாள் முடிந்தது. என் உற்சாகம் முடியவில்லை. குசினிக்குள் போய், முதல் மூடிக்குப் பிறகு ஒவ்வொன்றாக மினுக்கி வைத்திருந்த சட்டி மூடிகள் ஐந்தையும் தூக்கினேன்.

"இஞ்சருங்கோ, மூடியை ஏன் எடுக்கிறியள்?" என்றாள் மலர்.

"காத்துக்கு ஆடி ஒண்டோடை ஒண்டு முட்டும். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தால் ஒரு கிளி மிஞ்சாது."

"அம்மா கறியை என்னத்தாலை மூடுறது?"

"ரெண்டு கிழமைக்குச் சாப்பாட்டுக் கோப்பையாலை மூடட்டும்."

மறுநாள் காலையில் வயல் திருவிழாவாக இருந்தது. ஆறு ஏக்கரும் மினுமினுத்தது. மூடிகள் 'கிணாங் கிணாங்' என்றன. வந்த கிளிக்கூட்டம் வானத்திலேயே வளைந்து திரும்பிப் போனது. வரம்பில் நின்ற மாமா என் தோளில் கை வைத்து, கலியாணத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு முழு வசனம் பேசினார்.

"தம்பி, நீங்கள் கெட்டிக்காரன்தான்."

அந்தப் பெருமையை நான் ஒன்றரை மணித்தியாலம் அனுபவித்தேன்.

ஒவ்வொரு நாளும் பத்து மணிபோல எங்கள் பக்கத்தால் வடக்கே ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று போகும். தூரத்தில் போகும், போய்விடும். சத்தம் கேட்டால் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்குவோம், நின்றதும் ஏறிவந்து விட்ட வேலையைத் தொடருவோம். அன்றைக்கும் இறங்கினோம். மாமா, மாமி, மலர், நான், வயலில் இருந்து ஓடிவந்த கருப்பையா அண்ணன், அவர் விட்டுவிட்டு வர மனமில்லாமல் இழுத்துவந்த ஆடு.

அன்றைக்குச் சத்தம் போகவில்லை. கிட்ட வந்தது. தலைக்கு மேலே ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மாமி எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆடு நான் உடுத்திருந்த சாரத்தைத் தின்னத் தொடங்கியது.

"என்னாங்க இது, ஒரு நாளும் இல்லாம நம்ம வயலையே சுத்துறான்?" என்றார் கருப்பையா அண்ணன். பிறகு, மெல்ல, மிக மரியாதையாக, "தம்பி, அந்த வெள்ளித் தாளு மேல இருந்து பாத்தா தெரியுமாங்க?" என்று கேட்டார்.

இருட்டிலும் நாலு முகம் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. ஆட்டையும் சேர்த்தால் ஐந்து.

உண்மையாகவே உயிர் போய்விட்டது எனக்கு. என் கெட்டித்தனத்தால் இந்தக் குடும்பம் அழியப்போகிறது என்று நினைத்தேன். மலரின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தரவில்லை. மூன்றாவது சுற்றுச் சுற்றி, என்ன நினைத்தார்களோ, வெடிச்சத்தம் ஒன்றும் இல்லாமல் ஹெலி தன் பாட்டில் வடக்கே போய்விட்டது.

மேலே ஏறியதும் மாமா இரண்டாவது முழு வசனத்தைப் பேசினார்.

"போய், ஒண்டு விடாமல் எல்லாத்தையும் அவிட்டுக்கொண்டு வாரும்."

காலையில் 'நீங்கள்' என்றவர் பத்தரைக்கு 'நீர்' ஆக்கிவிட்டார்.

ஹெலி திரும்பி வந்தாலும் என்னைக் காணக்கூடாது என்று தலையில் வாழையிலை கட்டி, வயலுக்குள் தவழ்ந்து போனேன். எழும்பி நடந்திருக்கலாம். பயந்தவனுக்கு அது தோன்றாது. நாடாவை அறுத்துச் சாரத்துக்குள் சொருகி, மூடிகளைக் கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டேன். கடைசி மூடியில் கை வைத்தபோது 'தட தட தட' என்று சத்தம்.

ஒரே பாய்ச்சல். வாய்க்காலுக்குள் விழுந்தேன். கழுத்து வரைக்கும் சேற்றுத் தண்ணீரில் இருந்துகொண்டு, தலைக்குக் காவலாக ஒரு சட்டி மூடியை இரண்டு கையாலும் பிடித்தேன். (வயலில் இருந்த மூடிகளிலேயே அதுதான் நன்றாக மினுங்கியது. ஊரிலேயே வெயிலுக்குப் பளிச்சிட்ட ஒரே பொருள் அப்போது என் தலைதான்.)

சத்தம் கிட்ட வந்து நின்றது. கண்ணைத் திறந்தேன். வரம்பில் ஒரு உழவு மிசின். அதன் பின்னால் கொழுவிய பெட்டியில் கோயில் வேலைக்குப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர்.

"ஆர் மோனை அது? சமையலோ?" என்றார் ஒரு பெரியவர்.

மூடியை இறக்கி முகத்தை மறைத்தேன்.

அன்று பின்னேரம் கிளிகள் திரும்பி வந்தன. அவை தின்ன அதிகம் இருக்கவில்லை. மூன்று போகத்தில் கிளி அழிக்கக்கூடியதை ஒரு முற்பகலில் நான் தவழ்ந்தே சாய்த்திருந்தேன். மாமா வரம்பு நெடுகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "ம்" என்றார். அது மிகக் குட்டையாக இருந்தது. மாமி மூடிகளை எண்ணி எடுத்து, ஒரு கிழமைக்கு என்னைக் குசினி வாசலுக்கும் விடவில்லை.

இரண்டு வருஷம் முன்பு என் மகளுக்கு ஒரு இடம் பேசி வந்தது. பொடியன் எஞ்சினியர், அடக்கமான பிள்ளை. என்ன படிப்பு, எந்த ஊர், எந்த வேலை என்று நாங்களெல்லாம் கேட்டு முடித்தோம். மூலைக் கதிரையில் சாய்ந்திருந்த மாமா, எண்பது தாண்டியவர், கையை உயர்த்தினார்.

"தம்பி, உமக்குக் கிளி கலைக்கத் தெரியுமோ?"

பொடியன் முழித்தான். "தெரியாது ஐயா."

"ஏதும் வழி?"

"ஒண்டும் தெரியாது ஐயா."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மலர் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கலியாணத்துக்கு நாள் குறியுங்கோ."